ஸ்ரீமதி காதம்பினி கங்கூலி: உத்தியோகத் தலத்தில் ஸ்திரீகளின் மானம்

ஒரு தேசத்தின் முன்னேற்றத்தை அளப்பதற்குப் பல வழிகள் உண்டு. சட்டசபைகள் எத்தனை, கலாசாலைகள் எத்தனை, ஆலைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. ஜீவனத்தின் பொருட்டோ சேவையின் பொருட்டோ வீட்டை விட்டு வெளியே வந்து உழைக்கும் ஒரு ஸ்திரீ, தன் மானத்திற்குப் பழுது நேராமல் வீடு திரும்புகிறாளா என்று கேட்பது மற்றொரு வழி. முதற் கணக்கில் நாம் பெருமை கொள்வதற்கு இடமுண்டு. இரண்டாவது கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலுமா? இயலாதென்றே அஞ்சுகிறோம். இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, அதற்குத் தம் உழைப்பினாலேயே விடையளித்துச் சென்ற ஒரு பெருமாட்டியின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவரே கல்கத்தாவில் வைத்தியத் தொழில் புரிந்த டாக்டர் ஸ்ரீமதி காதம்பினி கங்கூலி.

காதம்பினி 1861-ம் வருஷம் பிறந்தவர். அவருடைய தகப்பனார் விரஜகிசோர வசு, பீகாரிலுள்ள பாகல்பூரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தார். பிரம்ம சமாஜக் கொள்கைகளில் பற்றுள்ளவர். 1863-ம் வருஷத்திலேயே அவ்வூரில் ஸ்திரீகளுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட உழைத்தவர்களில் அவரும் ஒருவர். பெண்ணுக்கு எழுத்தறிவித்தால் குலம் கெடும் என்று பெரியோர் பேசிய காலம் அது. அக்காலத்தில் இப்படியொரு தந்தை வாய்த்தது காதம்பினியின் பாக்கியம். ஆனால் பாக்கியத்தால் மட்டும் எவரும் பெரியவராவதில்லை.

கல்கத்தாவில் வங்க மகிளா வித்தியாலயம் என்னும் பெண்கள் பள்ளியில் அவர் படித்தார். துவாரகாநாத கங்கூலி அப்பள்ளியில் ஆசிரியர். ஸ்திரீகளின் உரிமைக்காகவே 1869-ல் ஒரு பத்திரிகை தொடங்கி நடத்தியவர். 1878-ல் அந்தப் பள்ளி பெத்யூன் பள்ளியுடன் இணைக்கப்பட்டது. பெண்களைப் பரீக்ஷைக்கு அனுமதிப்பதா என்று கல்கத்தா சர்வகலாசாலை தயங்கியபோது, அந்தத் தயக்கத்தை உடைக்கப் பாடுபட்டவர்களில் துவாரகாநாதர் முக்கியமானவர். அனுமதி கிடைத்தது. காதம்பினி அதே வருஷம் பிரவேசப் பரீக்ஷையில் தேறினார். மேற்கொண்டு அவர் படிப்பதற்குக் கலாசாலை இல்லை. ஆகவே 1879-ல் பெத்யூன் பள்ளியிலேயே மேல் வகுப்பு ஆரம்பிக்கப்பட்டது. அவ்வகுப்பில் மாணவி அவர் ஒருவரே! 1883-ல் அவரும் சந்திரமுகி வசுவும் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் என்று சரித்திரம் இவ்விருவரையும் போற்றுகிறது.

ஒரே ஒரு மாணவிக்காக வகுப்பு ஏற்படுத்துவது வீண் செலவு என்று அன்று சொன்னவர்கள் இருந்திருக்கலாம். இன்றும் இத்தகைய வாதம் ஓயவில்லை. இவ்வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை, பிறகு வசதிகள் செய்வானேன் என்று கேட்கும் அதிகாரிகள் எத்தனையோ பேர். வழி இல்லாதபோது வருவோர் இல்லை. வருவோர் இல்லையென்பதையே காரணமாக்கி வழி அடைக்கப்படுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். பெத்யூன் கலாசாலை அறுத்தது.

பி.ஏ. பட்டத்துடன் காதம்பினி திருப்தியடையவில்லை. வைத்தியம் பயில விரும்பினார். ஆண் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளக் கூசிப் பிரசவ வேதனையிலும் ரோகத்திலும் மடிந்த ஸ்திரீகளுக்கு அக்காலத்தில் கணக்கில்லை. ஆயினும் கல்கத்தா வைத்தியக் கலாசாலை பெண்களைச் சேர்க்க மறுத்தது. இவ்விஷயத்தில் நமது சென்னை முந்திக்கொண்டது என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது. சென்னை வைத்தியக் கலாசாலை 1875-ம் வருஷத்திலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாவில் இடம் மறுக்கப்பட்ட அபலா தாஸ் என்னும் வங்கப் பெண், 1882-ல் வங்காள சர்க்காரின் உபகாரச் சம்பளத்துடன் சென்னைக்கு வந்து படித்தார். தேக அசௌக்கியத்தால் படிப்பை நிறுத்தித் திரும்பிய அவரே பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியாகிப் பெண் கல்விக்கு அருந்தொண்டு புரிந்தார். சொந்த ராஜதானியில் இடமின்றி ஒரு பெண் ஆயிரம் மைல் பிரயாணம் செய்ய நேர்ந்தது வங்காளத்துக்குப் பெருமையாக இருக்கவில்லை. கலாசாலை ஆசிரியர்களின் எதிர்ப்பைப் புறக்கணித்து, 1883-ல் சர்க்கார் பெண்களுக்கு அனுமதி வழங்கிற்று. காதம்பினி சேர்ந்தார்.

அதே வருஷத்தில் அவருக்கும் துவாரகாநாதருக்கும் விவாகம் நடந்தது. துவாரகாநாதர் மனைவியை இழந்தவர், வயதிலும் மூத்தவர். சீர்திருத்தம் பேசிய நண்பர்களிலேயே சிலருக்கு இவ்விவாகம் உகக்கவில்லை. ஆனால் கலியாணமானதும் புத்தகத்தை மூடி வைக்க வேண்டுமென்ற வழக்கத்தை இத்தம்பதிகள் ஏற்கவில்லை. காதம்பினி தொடர்ந்து படித்தார். இறுதிப் பரீக்ஷையில் ஒரு பாடத்தில் அவர் தவறியதாக அறிவிக்கப்பட்டது. ஸ்திரீகள் வைத்தியம் படிப்பதைப் பகிரங்கமாக எதிர்த்த ஆசிரியர் ஒருவரே அதற்குக் காரணம் என்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தோர் கூறுவர். எம்.பி. பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. கலாசாலையின் வைத்தியப் பட்டமே 1886-ல் அளிக்கப்பட்டது. தொழில் நடத்துவதற்கு அது போதுமானது. ஆனால் அவரைத் தாழ்த்த நினைத்தவர்களுக்கும் அது ஒரு கருவியாயிற்று.

1888-ல் லேடி டப்ரின் ஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் அவர் நியமனம் பெற்றார். அக்காலத்தில் அது பெருந்தொகை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவர் விரும்பியதெல்லாம் கைகூடிவிட்டதாகவே தோன்றியிருக்கும். உள்ளே நிலைமை வேறு. எம்.பி. பட்டம் இல்லையென்பதைக் காரணங்காட்டி, வார்டுகளை நிர்வகிக்கும் பொறுப்பு ஐரோப்பியப் பெண் வைத்தியர்களுக்கே அளிக்கப்பட்டு வந்தது. வேலை உண்டு, அதிகாரம் இல்லை. சம்பளம் உண்டு, நம்பிக்கை இல்லை. வெளி வீடுகளிலோ இன்னும் விநோதம். பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் பிரசவம் பார்க்கச் சென்றபோது, அவரைக் கூலி மருத்துவச்சியாகவே மதித்துத் திண்ணையில் சோறிட்டு, உண்ட இடத்தையும் அவரே சுத்தம் செய்யும்படி கூறினார்கள் என்று ஒரு வரலாறு உண்டு. நிறத்தினால் தாழ்வு ஒரு பக்கம். ஸ்திரீ என்பதால் தாழ்வு மறு பக்கம். இரண்டையும் சகித்துக்கொண்டே நோயாளிகளின் படுக்கையருகில் அவர் நின்றார்.

இனி, அவருடைய வாழ்க்கையில் நேர்ந்த மிகக் கசப்பான சம்பவத்திற்கு வருவோம். 1891-ல் வங்கவாசி என்னும் வங்காளிப் பத்திரிகை அவருடைய நடத்தையைப் பற்றி இழிவான ஒரு பழியைச் சுமத்திற்று. அச்சொல்லை இங்கே எடுத்தெழுத நாம் விரும்பவில்லை. குடும்ப ஸ்திரீ எவளும் கேட்கக் கூடாத சொல் என்று மட்டும் கூறுவோம். அவர் செய்த குற்றம் என்ன? வீட்டை விட்டு வெளியே வேலைக்குச் சென்றார். நோயாளி அழைத்தால் எந்நேரமும் வண்டியேறிப் புறப்பட்டார். சபைகளில் ஆண்களுடன் அமர்ந்தார். அவருடைய வைத்தியத்தில் குறை காண முடியாதவர்கள் அவருடைய ஒழுக்கத்தில் குறை காணத் தலைப்பட்டார்கள். வேலை செய்யும் ஸ்திரீயை விரட்டுவதற்கு இதனினும் எளிய உபாயம் கிடையாது. கையைக் கட்ட முடியாவிட்டால் பெயரைக் கெடுத்துவிட்டால் போதும்; வெட்கி அவளே வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவாள் என்பது இவர்களுடைய கணக்கு.

அக்கணக்கு பொய்த்தது. துவாரகாநாதரும், சிவநாத சாஸ்திரியும், டாக்டர் நீலரத்தன சர்க்காரும் துணை நிற்க வழக்குத் தொடரப்பட்டது. பத்திராதிபர் மகேசசந்திர பாலுக்கு நூறு ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறைவாசமும் விதிக்கப்பட்டன. ஒரு ஸ்திரீ தன் தொழிலின் பொருட்டு அடைந்த அவமானத்தை மௌனமாக விழுங்காமல், நியாயஸ்தலத்தில் நிறுத்தி ஜெயித்தது அக்காலத்துக்குப் பெரும் புதுமை.

தேசபக்தர்களாகிய நமக்கு இச்சம்பவத்தில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. அதே 1891-ம் வருஷத்தில் அதே வங்கவாசி பத்திரிகையின் மீது அன்னிய சர்க்கார் ராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் நடந்த முதல் ராஜத்துரோக வழக்கு என்று சரித்திரக்காரர்கள் குறிப்பிடுவது இதைத்தான். பெண்களின் விவாக வாழ்க்கைக்கு வயது வரம்பை உயர்த்தும் மசோதாவை எதிர்த்து எழுதியதே வழக்குக்கு அடிப்படை. சர்க்காருக்கு அஞ்சாத பேனா ஒரு குலஸ்திரீயின் மானத்தைக் குலைக்கவும் அஞ்சவில்லை! அடக்குமுறையை எதிர்ப்பவன் தானும் அடக்குமுறை செய்யக்கூடும். ஆட்சியாளரை நோக்கி நியாயம் கேட்கும் வாய், தன் பக்கத்தில் உழைக்கும் ஸ்திரீக்கு அநியாயம் பேசக்கூடும். தேசத்துக்காகப் பாடுபடுகிறோம் என்பது இக்குற்றத்துக்கு ஒருபோதும் பரிகாரமாகாது.

காதம்பினி சோர்ந்துவிடவில்லை. பட்டத்தைக் காட்டித் தம்மைத் தாழ்த்துவோருக்குப் பட்டத்தாலேயே பதிலளிக்க எண்ணினார். 1893-ல், குழந்தைகளை உற்றாரிடம் ஒப்புவித்துக் கடல் கடந்து சென்றார். எடின்பரோ, கிளாஸ்கோ வைத்தியக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் பரீக்ஷைகளில் தேறி, மும்மைப் பட்டத்துடன் அவ்வருஷமே திரும்பினார். அவர் சென்ற எடின்பரோ மட்டும் என்ன வாழ்ந்தது? 1870-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், வைத்தியம் பயின்ற சில ஆங்கிலப் பெண்கள் பரீக்ஷை மண்டபத்துக்குள் நுழையாதபடி அந்நகரத்தில் மாணவர் கூட்டம் வழிமறித்து, சேற்றை வாரி வீசிற்று. ஸ்திரீகளை இழிவு செய்வது இந்தியாவின் தனிக் குணமென்று மேனாட்டார் நம்மை நிந்திக்க நியாயமில்லை. மேனாட்டிலும் உண்டே என்று நாம் ஆறுதல் கொள்ளவும் நியாயமில்லை.

தாயகம் திரும்பிய அவர் டப்ரின் ஆஸ்பத்திரியில் சில காலம் உயர்ந்த பதவி வகித்துப் பின்னர் சொந்தமாகத் தொழில் நடத்தினார். எட்டுக் குழந்தைகள் கொண்ட குடும்பத்தையும் அவரே பேணினார். நோயாளிகளின் வீடுகளுக்கு வண்டியில் செல்லும் நேரத்தைக்கூட வீணாக்காமல் பின்னல் வேலை செய்துகொண்டே போவார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தைக் கவனியாதவள் என்று தூற்றியவர்களின் கண்ணுக்கு அந்தக் கைகள் படவில்லை போலும்.

அவருடைய பொதுவாழ்க்கையும் சாமான்யமானதன்று. 1889-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குப் பிரதிநிதிகளாகச் சென்ற ஸ்திரீகளில் அவர் ஒருவர். அடுத்த வருஷம் கல்கத்தாவில், பிரோஸிஷா மேத்தா தலைமையில் கூடிய மகாசபையின் மேடையில் அவர் பேசினார். ஆனால் பேசியது என்ன? அக்கிராசனருக்கு வந்தனோபசாரம்! பட்டதாரியும் வைத்தியருமான ஒருவருக்கு, ஜனங்களின் சுகாதாரத்தைப் பற்றியோ தொழிலாளரின் துன்பத்தைப் பற்றியோ தீர்மானம் கொண்டுவரும் பணியை அளித்திருக்கலாகாதா? அக்காலத்துக்கு அதுவே பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நூற்றுமுப்பது வருஷங்களுக்குப் பின்னும் நமது கூட்டங்களில் விளக்கேற்றுவதும் நன்றி கூறுவதுமே ஸ்திரீகளின் பங்கென்று நினைப்போர் இருப்பார்களாயின், அவர்களுக்கு எந்தக் காலத்தைச் சாக்காகச் சொல்வது?

தாம் பட்ட துன்பம் தம்மோடு முடிய வேண்டுமென்று காதம்பினி எண்ணியதில்லை. தம்மினும் எளியவர்களின் துன்பத்தையும் அவர் கண்டார். துவாரகாநாதர் 1886-ல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரில் சென்று, ஒப்பந்தச் சட்டத்தால் கட்டுண்டு, ஓடினால் வாரண்டின்றியே துரைமார் பிடித்துவரக் கூடிய நிலையிலிருந்த கூலிகளின் அவதியைப் பத்திரிகைகளில் வெளியிட்டவர். அவர் 1898-ல் காலமானார். காதம்பினி அவ்வழியினின்று விலகவில்லை. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் இந்தியர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தபோது, 1908-ல் கல்கத்தாவில் அவர்களுக்கு அனுதாபக் கூட்டம் நடத்திப் பொருளுதவி திரட்டினார். அப்படிச் சிறை புகுந்தவர்களில் நம் தமிழர்கள் கணிசமானவர்கள் என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். 1922-ல், அறுபது வயது கடந்த பின்னர், கவி காமினி ராயுடன் பீகார், ஒரிஸ்ஸா பிரதேசங்களுக்குச் சென்று, சுரங்கங்களில் வேலை செய்யும் பெண் தொழிலாளரின் நிலைமையை விசாரித்தார். 1923-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, ரண சிகிச்சை ஒன்றை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய சிறிது நேரத்தில் அவருடைய ஆவி பிரிந்தது. வேலையே விரதமாக வாழ்ந்தவருக்கு வேலையின் நடுவிலேயே முடிவு வந்தது.

இனி நம் காலத்தைப் பார்ப்போம். 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம், உத்தியோகத்தில் ஆண் பெண் பேதம் கூடாதென்று விதித்தது. 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு, வேலை செய்யுமிடத்தில் ஸ்திரீகளுக்குப் பாலியல் தொந்தரவு நேராமல் தடுப்பது முதலாளியின் கடமை என்று விசாகா வழக்கில் தீர்ப்பளித்தது. 2013-ல் பார்லிமெண்டு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோரிடத்திலும் பெண் ஒருவர் தலைமையில் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் பாதிக்குக் குறையாதவர் பெண்களாயிருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். முறையீட்டை 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். சிறு கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்வோருக்கு ஜில்லாதோறும் ஒரு கமிட்டி. நல்ல சட்டம். ஆனால் கமிட்டிகளே இல்லாத ஸ்தாபனங்கள் ஏராளமாயிருப்பதை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துக்காட்டி வருந்த நேர்ந்தது.

சட்டம் மட்டும் காக்காது என்பதற்குக் காதம்பினியின் கல்கத்தாவே சாட்சி. அவர் பட்டம் பெற்ற 1886-ம் வருஷத்திலேயே தோன்றிய வைத்திய ஸ்தாபனம் ஒன்று, இன்று ஆர். ஜி. கர் வைத்தியக் கல்லூரி என வழங்குகிறது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி, இரவு வேலையிலிருந்த ஒரு பெண் வைத்தியர் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தேசமே கொதித்தெழுந்தது. அதன்பின் அங்குள்ள சர்க்கார் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, கூடியமட்டும் ஸ்திரீகளுக்கு இரவு வேலை கொடாமலிருப்பது! பாதுகாப்பளிப்பது சர்க்காரின் கடமை, ஸ்திரீகளை வேலையினின்று விலக்குவது அதற்கு வழியாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு கண்டித்த பின்னரே அது கைவிடப்பட்டது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தீய எண்ணமுடையவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இருட்டில் திருடன் வருகிறான் என்றால் விளக்கேற்ற வேண்டுமே தவிர, வீட்டுக்காரனை வெளியேற்றுவதில்லை. இரவில் பிரசவ வேதனைப்படும் ஒரு தாய்க்கு இரவிலேயே வைத்தியர் வேண்டும். காதம்பினி இரவில் புறப்பட்டதனாலன்றோ எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள்! ஸ்திரீயின் பாதுகாப்புக்கு விலையாக அவளுடைய வாய்ப்பைக் கேட்பது, பழைய தடையையே புதிய பெயரில் மீண்டும் கொண்டுவருவதாகும். இடத்தைச் செம்மைப்படுத்துவது ஸ்தாபனத்தை நடத்துவோரின் பொறுப்பு. ஒதுங்கிப் போவது ஸ்திரீயின் பொறுப்பன்று.

அரசியல் தொண்டர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. அரசியல் கட்சிக்கும் அதன் அங்கத்தினருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லையாகையால், இத்தகைய கமிட்டி அமைக்கக் கட்சிகள் சட்டப்படி கடமைப்பட்டவையல்ல என்று 2022-ல் கேரள ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, சரி. ஆனால் நமது காரியாலயங்களிலும், பிரசாரப் பயணங்களிலும், மாநாட்டுப் பந்தல்களிலும் உழைக்கும் ஸ்திரீகளுக்கு மானமில்லையா? அவர்கள் ஒரு முறையீடு கொண்டுவந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? கட்சியின் பெயர் கெடுமென்று வாயை மூடச் சொல்பவர்கள்தானே அதிகம்? வங்கவாசிக்கு எதிராகக் காதம்பினி தனித்து நிற்கவில்லை. கணவர் நின்றார், நண்பர்கள் நின்றார்கள். ஊரார் தூற்றும்போது ஒரு பெண்ணின் பக்கத்தில் பகிரங்கமாக நிற்பது அன்று எளிதாயிருக்கவில்லை, இன்றும் எளிதன்று. சட்டம் சொல்லும் வரை காத்திராமல், ஒவ்வொரு கிளைச் சங்கமும் பெண் ஒருவர் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டியை இம்மாதத்திலேயே அமைக்கட்டும். அதில் வெளியாரும் இருக்கட்டும். முறையிட்டவளின் நடத்தையை அல்ல, முறையீட்டின் உண்மையை அது விசாரிக்கட்டும். தேச சேவை செய்கிறோம் என்று சொல்லும் நாம், நம்முடன் அதே சேவையைச் செய்யும் சகோதரிகளுக்கு இவ்வளவேனும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.